காசின் மதிப்பும் வீட்டுக் கணக்கும்



என் பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில், கட்டிலுக்கு அடியில் அது இருக்கும். கல்யாணப் புடவை, தாத்தாவின் பால்வெட்டுக் கத்தி, அதற்கும் அடியில் ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள் கட்டுக் கட்டாகப் பத்து வெள்ளி நோட்டுகள். ஒவ்வொரு நோட்டிலும் ஒரு வாழைமரம். சிறுமியாக இருந்தபொழுது ஒருநாள் அவற்றை எண்ணிப் பார்த்தேன். எண்ணூறு வெள்ளிக்கு மேல் இருந்தது. "பாட்டி, நாம பணக்காரங்களா?" என்று கேட்டேன். "வாழைச்சருகுடி அது, எடுத்த இடத்துல வையி" என்றார்.

நோட்டு எப்படிச் சருகாகும்? ஒரு வெள்ளிக்கு வாங்கிய சாமானை அடுத்த ஆண்டு ஒன்றே கால் வெள்ளி கொடுத்து வாங்க நேர்வது ஏன்? இதில் பேங்க் நெகாராவுக்கு என்ன வேலை? அந்த வேலை நம் சமையற்கட்டுக்குள் எப்படி வந்து சேர்கிறது? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்லள். பயிற்சிக் கல்லூரியில் பயின்று, தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். ஆகவே கணக்கு வழியாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வாழைமரத்து நோட்டின் கதை. 1942 ஜனவரி 7-ஆம் நாள் இருட்டோடு இருட்டாக ஜப்பானிய டாங்கிகள் ட்ரோலாக் பக்கத்திலிருந்து சாலையோடு வந்து, அன்று காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்துவிட்டன. அதன் பிறகு மூன்றரை ஆண்டுக்கு மேல் அவர்கள் அச்சடித்ததே நாணயம். அந்த நோட்டுக்குப் பின்னால் பொன்னும் இல்லை, வேறு நாட்டுப் பணமும் இல்லை. செலவு வந்தபோதெல்லாம் அச்சடித்தார்கள். தொடக்கத்தில் நோட்டுக்கு வரிசை எண் இருந்தது; பின்னர் வந்த நோட்டுகளில் எழுத்து மட்டுமே, எண்ணே இல்லை. எத்தனை அடித்தோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டார்கள் போலும்! மறுபக்கம், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி சுருங்கிப் போயிற்று. ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகளாகிவிட்டதால் தோட்டத்தில் வேலை நின்றது. கையில் நோட்டு கூடியது; கடையில் அரிசி குறைந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, ஜப்பானிய நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அன்றோடு பாட்டியின் எண்ணூறு வெள்ளி சருகாயிற்று.

இதை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஐந்து கொய்யாப்பழத்தை மேசைமேல் வைப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக் கொட்டை கொடுத்து ஏலம் விடுவேன். முதல் நாள் ஒரு பழம் ஏழு, எட்டுக் கொட்டைக்குப் போகும். மறுநாளும் அதே ஐந்து பழம். ஆனால் ஆளுக்கு இருபது கொட்டை. பழம் பதினாறு, பதினேழுக்குப் போகும். சென்ற ஆண்டு நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், கொட்டைதானே கூடிச்சு, கொய்யா கூடலையே!" என்றாள். பணவீக்கத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்பொழுது 1967-க்கு வருவோம். நான் படித்த பள்ளிப் புத்தகங்களில் இந்தச் சம்பவத்தைப் பார்த்த நினைவில்லை. பாட்டி சொல்லித்தான் தெரியும். வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன்.

அதுவரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வட போர்னியோவிலும் புழங்கிய நோட்டை வெளியிட்டது ஒரு நாணய ஆணையக் குழு. அந்த நோட்டு இங்கிலாந்தின் பவுண்டோடு கட்டப்பட்டது. ஒரு பவுண்டுக்கு 8 வெள்ளி 57 காசு என்பது கணக்கு. நம்முடைய பேங்க் நெகாரா 1959 ஜனவரி 26-ஆம் நாள் தொடங்கப்பட்டாலும், அது தன் சொந்த நோட்டை வெளியிட்டது 1967 ஜூன் 12-ஆம் நாள்தான். பழைய நோட்டும் புது நோட்டும் ஒரே மதிப்பில் சேர்ந்தே புழங்கின. கடைக்காரத் தவுக்கே இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். பாட்டியோ புது நோட்டைச் செலவு செய்துவிட்டுப் பழையதைப் பெட்டியில் வைத்தார். ஜப்பான்காரன் நோட்டில் ஒருமுறை சூடுபட்டவர் அல்லவா? பழகிய நோட்டை, ராணி படம் போட்ட நோட்டை நம்பினார்.

நவம்பர் 18, சனிக்கிழமை. லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கம் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்துவிட்டது. நம் அரசாங்கம் என்ன செய்வது? பவுண்டோடு சேர்ந்து நாமும் இறங்குவதா, இல்லையா? புது மலேசிய வெள்ளி இறங்காது என்று முடிவாயிற்று. ஆனால் பழைய நோட்டு பவுண்டோடு கட்டிய நோட்டாயிற்றே, அது இறங்கியது. ஒரு பழைய வெள்ளி இனி 85 காசு என்றார்கள். சனிக்கிழமை வரை சமமாக இருந்த இரண்டு நோட்டுகளில் ஒன்றுக்குப் பதினைந்து காசு குறைந்து போயிற்று.

பாட்டியின் பெட்டியில் அறுபது வெள்ளி இருந்தது. மாற்றியபொழுது ஐம்பத்தொன்று கிடைத்தது. "மூணு நாள் வெட்டுக் கூலிடி" என்பார். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை; ஆனாலும் ஒன்பது வெள்ளி போய்விட்டது என்பதை அவரால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாடு முழுவதும் இப்படி எத்தனையோ பெட்டிகள். பினாங்கில் தொழிற்கட்சி நவம்பர் 24-ஆம் நாள் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அது கலவரமாகி, ஊரடங்குச் சட்டம் போடும்படி ஆயிற்று, உயிர்களும் போயின.

அந்த முடிவு தவறா? நான் பலமுறை யோசித்திருக்கிறேன். புது வெள்ளியையும் சேர்த்து இறக்கியிருந்தால், வெளியிலிருந்து வரும் அரிசி, கோதுமை மாவு, பால் டின் எல்லாம் நாட்டில் எல்லாருக்கும் விலை ஏறியிருக்கும். இறக்காததால் அந்த விலையேற்றம் தவிர்க்கப்பட்டது. நாட்டுக் கணக்கில் அது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர் யார்? பெட்டியிலும் பானையிலும் பழைய நோட்டு வைத்திருந்தவர்கள். நாணயக் கொள்கை என்று பெரியவர்கள் சொல்வதில் எப்பொழுதும் இப்படி ஒரு பங்கீடு மறைந்திருக்கிறது. சிலருக்குச் சுமை இறங்கும், சிலருக்கு ஏறும்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 1973-இல் உலகில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. 1974-இல் நம் நாட்டில் விலைவாசி ஓராண்டில் 17 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. ஒரு வெள்ளிச் சாமான் ஒரு வெள்ளி பதினேழு காசு. அதைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பண்ணுங்கள்: அந்த ஆண்டு உங்கள் கையிலிருந்த ஒரு வெள்ளிக்கு, முந்திய ஆண்டில் ஏறக்குறைய 85 காசுக்குக் கிடைத்த சாமான்தான் கிடைத்தது. அதே பதினைந்து காசு! 1967-இல் ஒரே நாளில் அறிவித்துக் குறைத்தார்கள், ஊரே கொந்தளித்தது. 1974-இல் யாரும் அறிவிக்கவில்லை. எந்த நோட்டையும் மாற்றச் சொல்லவில்லை. பழைய நோட்டுக்கு மட்டுமல்ல, எல்லா நோட்டுக்கும், சம்பளத்துக்கும் சேர்த்தே குறைந்தது. ரப்பர் விலையும் சேர்ந்து விழுந்தபொழுதுதான் கெடாவில் பாலிங் பகுதிச் சிறுதோட்டக்காரர்கள் நவம்பரில் தெருவுக்கு வந்தார்கள்.

சத்தமில்லாமல் வரும் இந்தக் குறைப்புக்குத்தான் பணவீக்கம் என்று பெயர். அதை அடக்கிவைப்பது பேங்க் நெகாராவின் முதல் வேலைகளில் ஒன்று. 1974-இல் வங்கிகள் கடன் கொடுப்பதற்கு வரம்பு கட்டினார்கள், வட்டியை ஏற்றினார்கள். மறு ஆண்டு விலையேற்றம் ஐந்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆனால் 1975-இல் உலகச் சந்தையும் சோர்ந்திருந்தது. நம் பொருளாதாரமும் ஏறக்குறைய நின்றுவிட்டது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் உடம்பு சோர்ந்து போவதைப் போல.

வட்டியை ஏற்றினால் விலை ஏன் அடங்க வேண்டும்? தாய்மார்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "வட்டி ஏறினா எங்களுக்குச் செலவுதானே ஏறும் டீச்சர்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி.

வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துக்கொள்ளும். அந்த ஓர் இரவுக் கடனின் வட்டி எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதை பேங்க் நெகாராவின் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடித் தீர்மானிக்கிறது. செய்தியில் ஓ.பி.ஆர். என்று நீங்கள் கேட்பது இதைத்தான். அது ஏறினால் வீட்டுக் கடன் வட்டி ஏறும். சேமிப்பு வட்டியும் கொஞ்சம் ஏறும். புதிதாகக் கடன் வாங்க நினைப்பவர் தயங்குவார். காசு வைத்திருப்பவர் செலவைத் தள்ளிப்போட்டு வங்கியில் போடுவார். கடையில் கூட்டம் குறையும். விலையை ஏற்றத் தவுக்கே யோசிப்பார். புளியங்கொட்டையில் கொஞ்சத்தைத் திரும்ப டப்பாவில் போடச் சொல்வது போன்றது இது. வெளிநாட்டார்க்கும் நம் வெள்ளியில் பணம் வைக்க ஆசை வரும். வெள்ளி வலுத்தால் இறக்குமதிச் சாமான் மலியும்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. வெங்காய விலை ஏறியது என்பதற்காக வட்டியை ஏற்றினால் வெங்காயமா முளைக்கும்? அப்படி ஒரு சாமான் தட்டுப்பாட்டால் விலை ஏறும்பொழுது நாணயக் கொள்கையால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. வெங்காயம் ஏறியதைச் சாக்காக வைத்துச் சாப்பாட்டுக் கடை, பஸ் கட்டணம், முடி வெட்டும் கூலி என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறாமல் தடுக்கத்தான் அது உதவும்.

1998-ஐ உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நான் அப்பொழுது பள்ளிப் படிப்பை முடித்திருந்த பெண். 1997-இன் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு வரை போயிற்று. பால் மாவு, கோதுமை மாவு என்று வெளியிலிருந்து வருவதெல்லாம் ஏறியது. வெள்ளியைத் தாங்கிப் பிடிக்க வட்டியை ஏற்றினார்கள். 1998 பிப்ரவரியில் அது 11 சதவீதம். கடன் வாங்கித் தொழில் நடத்தியவர்கள் கழுத்தில் அது கயிறாக இறுகியது. தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. தோட்டத்திலிருந்து பட்டணத்து ஃபேக்டரிக்குப் போன அண்ணன்மார்களில் பலர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், செம்பனை எண்ணெய் டாலர் கணக்கில் விற்பனையாவதால், வெள்ளி விழுந்த அதே நேரத்தில் தோட்ட முதலாளிமார்க்கு வரவு கூடியது. ஒரே சம்பவம், குலை வெட்டுபவனின் சமையற்கட்டில் ஒரு கணக்கு, முதலாளியின் ஏட்டில் வேறொரு கணக்கு.

செப்டம்பர் 2-ஆம் நாள் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டிவிட்டார்கள். அதோடு, பணம் நாட்டை விட்டு இஷ்டம்போல் வெளியேறவும் தடை போட்டார்கள். அந்தத் தடை இருந்ததால்தான் வெள்ளி விழுமோ என்ற பயமில்லாமல் வட்டியை இறக்க முடிந்தது. 1999 ஆகஸ்டில் 5.5 சதவீதத்துக்கு வந்தது. இந்த முடிவைப் பற்றி அறிஞர்கள் இன்றும் ஒத்துப் போகவில்லை. கட்டாத அண்டை நாடுகளும் எழுந்து நின்றன என்பார்கள். அதுவும் உண்மையே. அந்தக் கட்டு 2005 ஜூலை 21 வரை இருந்தது.

நம் உறவுகள் வாழும் இலங்கை மலையகத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே 2021-இல் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி போராட்டத்துக்குப் பிறகு ஆயிரம் ரூபாயாயிற்று. அரசாங்கத்தின் வரவுக்கும் செலவுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்ப, மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்துவந்தது. வெளிநாட்டுப் பணமும் தீர்ந்து, 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அந்நாடு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆயிரம் ரூபாய் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாழைமரம் போட்ட நோட்டு இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் விலையேற்றம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கவனியுங்கள், விலை இறங்கவில்லை, ஏறுவது நின்றது. ஏறிய விலை ஏறியபடியே நின்றது. பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் கேட்டுவிட்டு, "எங்கே குறைந்தது?" என்று கடையில் கோபப்படுகிறோமே, அந்தக் கோபத்துக்கு விளக்கம் இதுதான்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2020 ஜூலையில் ஓ.பி.ஆர். 1.75 சதவீதம். பெருந்தொற்றுக் காலம் அது. 2022 மே மாதம் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, 2023 மே மாதம் 3 சதவீதத்துக்குக் கொண்டு வந்தார்கள். 2025 ஜூலையில் 2.75 ஆக இறக்கினார்கள். இந்த ஒன்றே கால் சதவீத ஏற்றம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? தோட்டத்தை விட்டு வெளியேறி, ஒன்றரை லட்சம் வெள்ளிக் கடனில், முப்பது ஆண்டுத் தவணையில் ஒரு வீடு வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 3.25 சதவீத வட்டியில் மாதம் 653 வெள்ளி. 4.5 சதவீதம் ஆனால் 760 வெள்ளி. மாதம் 107 வெள்ளி கூடுதல். வேறு வகையாகச் சொன்னால், ஒரு பிள்ளையின் பள்ளிப் பேருந்துச் செலவு. எல்லாக் கடனும் இப்படி ஆடாது. ஒப்பந்தத்திலேயே வட்டியை நிலையாக எழுதிய மோட்டார் சைக்கிள் கடன் அப்படியே இருக்கும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த வட்டி மாறுமா, மாறாதா? கிராணியார் படித்துச் சொல்வார் என்று இருந்த காலம் போய்விட்டது. வீட்டில் படிக்கும் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள்.

சேமிப்புக்கும் ஒரு கணக்கு. 2022-இல் விலைவாசி 3.3 சதவீதம் உயர்ந்தது. ஆயிரம் வெள்ளியை 2 சதவீத வட்டியில் போட்டவருக்கு ஆண்டு முடிவில் 1,020 வெள்ளி. ஆயிரம் வெள்ளிச் சாமானோ 1,033 வெள்ளி. வட்டி வந்தது, பதின்மூன்று வெள்ளி நட்டமும் வந்தது. பெட்டியில் வைத்தவருக்கு நட்டம் முப்பத்து மூன்று. கூட்டுக் கட்டும் தாய்மார்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்: முதல் மாதம் எடுப்பவரும் இருபதாம் மாதம் எடுப்பவரும் வாங்கும் தொகை ஒன்றாக இருந்தாலும், அதன் கனம் ஒன்றல்ல. 1974 போன்ற ஆண்டில் கடைசியாக எடுப்பவர் பாவம்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளி ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி. நடுவில் 2023-இல் 2.5, 2024-இல் 1.8 சதவீதம் விலை உயர்வு என்கிறது அரசாங்கக் கணக்கு. அந்த இரண்டு ஆண்டு உயர்வை மட்டும் சேர்த்தால், 1,500 வெள்ளிக்கு வாங்கியதை வாங்க ஏறக்குறைய 1,565 வெள்ளி வேண்டும். ஆகவே இருநூறு உயர்வில் அறுபத்தைந்து விலைவாசிக்குப் போயிற்று. மீதிதான் உண்மையான உயர்வு. ஆனால் அரசாங்கக் கணக்கு சராசரிக் கணக்கு. அதில் விமானப் பயணமும் உண்டு, ஹோட்டல் அறையும் உண்டு. நம் சம்பளத்தில் பெரும்பகுதி அரிசிக்கும் மீனுக்கும் எண்ணெய்க்கும் போகிறது. அந்த ஆண்டுகளில் சாப்பாட்டுச் சாமான் சராசரியைவிட வேகமாக ஏறியது. எனவே தொழிற்சங்கக் கூட்டத்தில் சதவீதம் பேசும்பொழுது, எந்தச் சதவீதம் என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதம் பத்துச் சாமானின் விலையை எழுதி வைத்தால், அந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்கலாம். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். அவர்கள் ஏட்டில் முட்டையும் சார்டின் டின்னும் முதல் இரண்டு வரிகள்.

பாட்டி இறந்த பிறகு அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. வாழைமரத்து நோட்டுகளில் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு போய்க் கைமாற்றிக் காட்டினேன். ஒரு பையன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதில நம்பரே இல்லையே, எப்படி எண்ணுனாங்க?" என்றான். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன்.